ஆசிரியரும் மாணவரும் ஒரு மேசையில்

'கேள்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வினவு என்பது ஒன்று. செவிகொடு என்பது மற்றொன்று. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே கேள்வி என்பது அறிந்தோர் சொல்வதைக் காதால் பெறுவது. நம் தேர்வுத்தாளிலோ கேள்வி என்பது விடையெழுத வேண்டிய வினா. ஒரே சொல் இரு திசையும் நோக்கி நிற்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சொல்கிறார், மாணவர் கேட்கிறார். இது நாம் நாள்தோறும் காண்பது. மாணவர் சொல்ல, ஆசிரியர் கேட்கும் இடம் எது? தேர்வு மண்டபம் ஒன்றுதானா? பாடம் எப்படி நடக்கிறது, சோதனைச் சாலையில் எவர் கை கருவியைத் தொடுகிறது, விடைத்தாள் எப்படித் திருத்தப்படுகிறது என்பன பற்றி மாணவர் சொல்லவும், அச்சொல்லுக்குப் பயன் விளையவும் வழி உண்டா? உயர்கல்வியில் 'மாணவர் குரல்', 'ஆசிரியர் மாணவர் கூட்டுப்பணி' என்று இன்று பேசப்படுவது இதுதான். அதனை நானறிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது மேலை நாட்டுப் புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணத்தோடு மாணவர் இலக்கணத்தையும், கற்பிக்கும் முறையோடு கற்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் காற்பங்குதான் கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே மற்ற அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அதன் கணக்கு. முக்காற் பங்கு மாணவன் செயலால் விளைவதென்றால், கல்வியின் ஏற்பாட்டில் மட்டும் அவன் வாய்மூடி இருப்பது எப்படிப் பொருந்தும்?

எல்லாம் 'மிக நன்று'

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இங்கு வந்து பௌதிக முதுகலை பயில்பவன். முதல் பருவத்தில் எங்கள் வகுப்பில் 36 பேர். சோதனைச் சாலையில் ஒழுங்காக இயங்கிய கருவித் தொகுதிகள் ஆறே. ஆகவே ஒரு மேசைக்கு ஆறு பேர். அறுவரில் இருவர் திருகைத் திருப்புவர், அளவு எடுப்பர். நால்வர் பார்த்து நிற்பர். பின்னர் அந்த அளவுகளை அறுவரும் தத்தம் நோட்டில் எழுதிக்கொள்வர். உதவியாளர் இந்தியில் விளக்குவார். அது விரைந்து விளங்கியவர் கருவியின் அருகில் சென்றனர். விளங்காதவர் பின்வரிசைக்கு ஒதுங்கினோம். எவரும் எங்களைத் தள்ளவில்லை. நாங்களே ஒதுங்கினோம்.

என் அறைத் தோழன் இராமநாதபுரம் மாவட்டத்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவனே. கணக்கில் எங்கள் எல்லோரையும் விட வல்லவன். பருவ இறுதியில் செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியைச் சரிசெய்து காட்டு என்றார். அவனுக்கு அதன் சூத்திரம் முழுதும் தெரியும். எந்தத் திருகைத் திருப்புவது என்பது தெரியாது. அந்தப் பருவத்தில் அவன் அதை ஒருமுறையும் தொட்டதில்லை. பொங்கலுக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவில்லை. அவன் பெட்டியையும் புத்தகங்களையும் நான்தான் ரயிலில் ஏற்றி அனுப்பினேன்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுண்டு. அப்பருவத்தின் கடைசி வாரத்தில் எங்களுக்கு ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். பாடம் எப்படி, ஆய்வுக் கருவிகள் எப்படி, ஆசிரியர் எப்படி என்று ஏறத்தாழ இருபது வினாக்கள். அவன் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று குறித்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவனைப் பார்த்து நானும் அப்படியே குறித்தேன். அலுவலகக் கணக்குப்படி அவன் முழு மனநிறைவு பெற்ற மாணவன்.

அவனுக்குக் குரல் கொடுக்க இடம் தரவில்லை என்று சொல்ல முடியாது. இடம் தந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் எவன் எழுதுவான் உண்மையை? அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குபவர் கையில் அத்தாள் போகுமோ என்ற அச்சம் ஒருபுறம். எழுதி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு மறுபுறம். எழுதினாலும் அதன் பயன் அடுத்த ஆண்டு வருபவர்க்கே, எழுதியவனுக்கு இல்லை.

பொலோஞாவின் மாணவர்

வரலாற்றில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைக் காணலாம். இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகம் 1088-ஆம் ஆண்டில் தோன்றியதென மரபாகச் சொல்வர். அங்குச் சட்டம் பயில ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர். வெளியூரார் ஆதலால் அந்நகரச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. வீட்டு வாடகை, உணவு விலை, வழக்கு எல்லாவற்றிலும் தனித்தனியே தவித்தவர்கள், ஊர்வாரியாக, மொழிவாரியாகச் சங்கம் கூடினர். அச்சங்கங்கள் சேர்ந்த பெருஞ்சங்கமே 'உனிவர்சிட்டாஸ்' எனப்பட்டது. அந்த இலத்தீன் சொல் தொடக்கத்தில் கட்டடத்தைக் குறிக்கவில்லை. ஒன்றாகக் கூடிய மக்களையே குறித்தது. வெளியூர் மாணவரின் மொழிச் சங்கம் ஒன்று எங்கோ ஒரு மூலையில் இயங்கும் பொழுதுபோக்கு அன்று. பல்கலைக்கழகம் என்னும் பெயரே அத்தகைய சங்கங்களின் கூட்டிலிருந்து பிறந்தது. நம் சங்கத்தார் இதனை நினைவில் கொள்ளலாம்.

அங்கு மாணவரே ஆசிரியர்க்குக் கட்டணம் திரட்டித் தந்தனர்; மாணவரே தலைவரைத் தேர்ந்தனர். ஆசிரியர் நேரந்தவறி வந்தாலும், நேரங்கடந்து பாடம் நடத்தினாலும், கடினமான பகுதியைத் தாண்டிச் சென்றாலும் தண்டம் கட்ட வேண்டும். இன்று கேட்பதற்கு இனிக்கிறது அல்லவா? ஆனால் அதிலும் ஓர் எல்லை இருந்தது. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும் ஆசிரியர் கையிலேயே இருந்தன. பிற்காலத்தில் நகராட்சி ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கத் தொடங்கவே, மாணவர் அதிகாரம் தேய்ந்தது. பாரிஸ் நகரிலோ தொடக்கம் முதலே ஆசிரியர் சங்கம்தான் பல்கலைக்கழகம்.

மாணவர் எசமானர், ஆசிரியர் ஏவலர் என்பது ஒரு கோடி. ஆசிரியர் எசமானர், மாணவர் ஏவலர் என்பது மறுகோடி. இரண்டுக்கும் இடையே வழி தேடிய பெரு முயற்சி 1918-இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் எழுந்தது. 1613-இல் தொடங்கிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. மாணவர் கிளர்ச்சியின் பயனாக, ஆசிரியரோடு மாணவர் பிரதிநிதிகளும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களில் அமர்ந்து முடிவு செய்யும் 'கூட்டாட்சி' முறை அங்கு வேரூன்றிப் பிற இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டில் என்ன உண்டு?

நம் நாட்டில் இதைப்பற்றித் தெளிவாகப் பேசியது கோத்தாரி கல்விக் குழு. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய அக்குழுவின் தலைவர் டி. எஸ். கோத்தாரி ஒரு பௌதிகப் பேராசிரியர் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. ஒவ்வொரு துறையிலும் கல்லூரியிலும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டுக் குழுக்கள் அமைய வேண்டும், பொதுவான இடர்ப்பாடுகளை அங்கே பேசித் தீர்க்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை செய்து அறுபது ஆண்டு ஆயிற்று. உங்கள் துறையில் அத்தகைய குழு உண்டா என்று நாளையே விசாரித்துப் பாருங்கள்.

பின்னர் வந்தவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

முதலாவது, பிரதிநிதித்துவம். மாணவர் பேரவைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு விதிகள் வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2006-இல் அவற்றை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. வேட்பாளர்க்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், ஒருவர் 5000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்பன அவற்றுள் சில.

இரண்டாவது, குறைதீர்ப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருத்தல் வேண்டும். முறையீடு வந்த 15 வேலை நாட்களுக்குள் அது தன் அறிக்கையைத் தருவது நன்று என்றும், அதில் நிறைவில்லையேல் 15 நாட்களுக்குள் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் விதி சொல்கிறது. அக்குழுவில் ஒரு மாணவரும் அமர்வார்; ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர்; படிப்பு, விளையாட்டு முதலியவற்றின் சிறப்பு நோக்கி நியமிக்கப்படும் சிறப்பு அழைப்பாளர். விடைத்தாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருத்திய விடைத்தாளைத் தேர்வெழுதியவர் பார்வையிடவும் படி பெறவும் தகவல் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவரில் பலர் இதனை அறியார்.

மூன்றாவது, கூட்டுப்பணி. முதலிரண்டும் சட்டத்தாலும் விதியாலும் வருவன. மூன்றாவது, மனிதர் கூடிச் செய்தால்தான் வரும். குறை நேர்ந்த பின் முறையிடுவது குறைதீர்ப்பு. முடிவு எடுப்பதற்கு முன் கூடி ஆராய்வது கூட்டுப்பணி. இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் படித்து அறியவில்லை, அடிபட்டு அறிந்தேன்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க அம்மையார் 1969-இல் ஓர் ஏணியை உருவகித்தார். அது நகரவாசிகள் ஊர் நிர்வாகத்தில் பங்குபெறுவதைப் பற்றியது. கல்வியாளர் பின்னர் அதனைத் தம் துறைக்கும் எடுத்துக்கொண்டனர். எட்டுப் படிகள். கீழிரண்டும் மக்களை மயக்கி வைப்பன. நடு மூன்றும் செய்தி சொல்வது, கருத்துக் கேட்பது, ஓரிடம் தந்து அமைதிப்படுத்துவது. கேட்பர், ஆனால் கேட்டபடி செய்யும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஆறாவது படியிலேதான் கூட்டுப்பணி வருகிறது. என் தோழன் நிரப்பிய படிவம் எந்தப் படியைச் சேர்ந்தது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

எங்கள் சோதனைச் சாலை

இரண்டாம் பருவத்தில் எங்கள் துறையில் ஆசிரியர் மாணவர் குழு ஒன்று கூடியது. வகுப்பின் சார்பில் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டோம். நான் 19 குறைகளை வரிசையாக எழுதி எடுத்துச் சென்றேன். குடிநீர் முதல் தேர்வு வரை எல்லாம் அதில் உண்டு. ஐந்து நிமிடம் ஆவேசமாகப் படித்தேன். பொறுமையாகக் கேட்ட பேராசிரியர் இரண்டே வினாக்கள் வினவினார். "இவற்றுள் முதலில் எது வேண்டும்? அதைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" எனக்கு இரண்டுக்கும் விடை தெரியவில்லை. ஓராண்டு பௌதிகம் படித்தவன், அளந்து பாராமல் முடிவுரை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்!

அடுத்த மூன்று வாரம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், அன்று கருவியைத் தம் கையால் இயக்கியவர் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டோம். பெயர் எழுதவில்லை; எண்ணிக்கை மட்டும். மூன்று வாரத்தில் ஒருமுறையேனும் கருவியைத் தொடாதவர் 15 பேர். அவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டாரும் வடகிழக்கு மாநிலத்தாரும். அத்தாளைக் கண்ட பேராசிரியர் நெடுநேரம் பேசவில்லை. "என் மேசைக்கு வந்த நோட்டுகள் அத்தனையும் முழுமையாக இருந்தனவே" என்றார். ஆம், இருந்தன. பார்த்தெழுதிய நோட்டு எப்போதும் முழுமையாகத்தான் இருக்கும்.

பிறகு அவர் தம் பக்கத்துக் கணக்கை எடுத்து வைத்தார். மூன்று கருவிகள் பழுதாகிக் கிடப்பது எங்களுக்குத் தெரியும். அவற்றைச் செப்பனிடத் துறை மூன்று முறை எழுதிக் கேட்டதும், ஓய்வுபெற்ற உதவியாளர் ஒருவரின் இடம் நிரப்பப்படாமல் இருப்பதும் தெரியா. 'துறைக்கு அக்கறை இல்லை' என்று விடுதியில் தமிழில் நாங்கள் பேசித் தீர்த்ததில் பாதி பொய் என்று அன்று கண்டேன். மறுபாதி மெய் என்பதை அவரும் கண்டார்.

முடிவில் வகுப்பை இரண்டாகப் பகுத்தோம். ஒரு பாதி சோதனைச் சாலையில். மறுபாதி பக்கத்து அறையில் முன்வார அளவுகளின் பிழைக் கணக்கைச் செய்யும். மறுவாரம் மாறிக்கொள்ளும். மேசைக்கு மூவர் ஆயினர். கருவிக்கு ஒன்றாக எளிய ஆங்கிலத்தில் செயற்குறிப்புத் தாளை மாணவரே எழுதினோம், ஆசிரியர் திருத்தினார். என் முதல் தாளில் அவர் வைத்த சிவப்புக் கோடுகளுக்கு அளவில்லை. ஆனால் அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரை இன்று இருட்டிலும் என்னால் சரிசெய்ய முடியும். பிறர்க்கு எடுத்துரைத்தால்தான் அரைப்பங்கு கைவரும் என்று நன்னூலார் சொன்னது எவ்வளவு மெய்!

விலையும் கொடுத்தோம். ஆளுக்குச் செய்யும் சோதனைகளின் எண்ணிக்கை குறைந்தது. மாலையிலும் சோதனைச் சாலையைத் திறந்துவைக்கக் கேட்டோம். பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். அது மட்டுமன்று. எங்களை அறியாமலே ஒரு தவறும் செய்தோம். வாரந்தோறும் கருவிகளை இருமுறை அடுக்கி எடுப்பவர் உதவியாளர். அவரிடம் நாங்கள் ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டாம் கூட்டத்துக்கு அவரே வந்து, "என் வேலையை இரட்டிப்பாக்கினீர்கள்; என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். எம்மைக் கேளாமல் முடிவு செய்கிறார்கள் என்று குமுறிய நாங்கள், அவரைக் கேளாமல் முடிவு செய்திருந்தோம்! அன்று முதல் அவரும் குழுவில் ஓர் உறுப்பினர். கருவிகளை மாணவரே எடுத்து அடுக்குவது என்று அவர் சொன்ன யோசனைதான் அந்த ஏற்பாட்டை இன்றளவும் காப்பாற்றி வருகிறது.

மாணவர் சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. இதனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதனிலைப் பௌதிக வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஒரு சாராருக்குச் சரளமான சொற்பொழிவு. மறு சாராருக்குத் தாமே கூடிக் கணக்கிட்டுக் கற்கும் வகுப்பு. தேர்வு வைத்துப் பார்த்தபோது தாமே முயன்றவர்கள் மிகுதியாகக் கற்றிருந்தனர். ஆனால் 'எவ்வளவு கற்றாய்?' என்று கேட்டபோது, சொற்பொழிவு கேட்டவர்களே தாம் மிகுதியாகக் கற்றதாக எண்ணினர். முயற்சியின் களைப்பை அறியாமை என்று மாணவர் மயங்கினர். மாணவரின் மனநிறைவை மட்டும் அளந்து பாடத்தை மாற்றினால், நல்ல வகுப்பு போய் இனிய வகுப்பு வந்துவிடும்.

ஆகவே மாணவர்க்கு ஒன்று தெரியும். ஆசிரியர்க்கு ஒன்று தெரியும். பின்வரிசையில் என்ன நடக்கிறது என்பது மாணவர்க்குத் தெரியும். ஒரு பாடம் பத்தாண்டு கழித்து எதற்குப் பயன்படும் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். இரண்டு அறிவும் ஒரு மேசைக்கு வருவதே கூட்டுப்பணி. இது ஆசிரியரிடம் காட்டும் மரியாதைக் குறைவு அன்று. அவர் கேட்பார் என்று நம்புவதே அவர்க்குச் செய்யும் பெருமரியாதை.

நாம் செய்யத்தக்கன

தமிழ் மாணவ நண்பர்களே! நமக்கொரு பழக்கம் உண்டு. குறையை விடுதி அறையில் தமிழில் விரிவாகப் பேசுவோம். வகுப்பறையில் ஆங்கிலத்தில் 'நோ சார்' என்று முடித்துவிடுவோம். இந்தி வாராமை ஒரு காரணம். எதிர்த்துப் பேசலாகாது என்று வளர்ந்தது மற்றொரு காரணம். இதற்கு நம் சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு.

மாதத்தில் ஒரு மாலை, கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கு முன் ஒரு மணி நேரம், துறைவாரியாக அமர்ந்து பேசலாம். அவரவர் குறையைத் தமிழிலேயே சொல்லட்டும். அதில் தனிக் குறை எது, பொதுக் குறை எது என்று பிரிப்போம். தனிக் குறைக்கு முறையீட்டு வழி காட்டுவோம். பொதுக் குறையை அளந்து, எண்ணிக்கையாக்கி, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதித் துறைப் பிரதிநிதியிடம் தருவோம். நம்மவர்க்கு மட்டும் அன்று. பின்வரிசையில் நம்மோடு நிற்கும் மணிப்புரித் தோழர்க்கும் அது பயன்படும்.

குழுக்கூட்டம் நடக்கும் துறைகளில் இரண்டு விதிகளைக் கேட்டுப் பெறுங்கள். கூட்டக் குறிப்பில் குறை கூறியவர் பெயர் வரலாகாது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும், சென்ற முறை சொன்னது என்னவாயிற்று, செய்ய இயலாதெனில் ஏன் என்பதைப் படித்துக் காட்ட வேண்டும். மறுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், விடையே வாராமைதான் மாணவனை ஊமையாக்குகிறது.

என் தோழன் இப்போது ஊரில் ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நாங்கள் எழுதிய செயற்குறிப்புத் தாள்களைச் சென்ற மாதம் அவனுக்கு அனுப்பினேன். "ஸ்பெக்ட்ரோமீட்டர் தாளில் நாலாவது படியும் ஐந்தாவது படியும் இடம் மாறி இருக்கிறது, பார்" என்று எழுதியிருந்தான். கருவியிடம் சென்று பார்த்தேன். அவன் சொன்னதே சரி.

திருத்திய தாள் வரும் பருவத்தில் வெளிவருகிறது. முதலாண்டு வகுப்பில் பிரதிநிதித் தேர்தலும் வருகிறது. பின்வரிசையில் நிற்பவர் எவரேனும் பெயர் கொடுக்க முன்வந்தால், முதற்கூட்டத்துக்கு என்ன எடுத்துச் செல்லலாகாது என்பதை நான் சொல்லித் தருகிறேன். அந்தப் 19 குறைகள் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.